வாதையின் தடத்தில் சுகம் தேடுவோர்

சுகமளிக்கும் திருத்தலங்கள் பலவற்றின் தொடக்கக் கதை, ஒருவர் பிழைத்துக்கொண்ட கதையாகவே இருக்கும். வேளாங்கண்ணியில் கால் விளங்காத மோர்க்காரப் பையன் எழுந்து ஓடுகிறான். புயலில் அகப்பட்ட போர்த்துக்கீசிய மாலுமிகள் உயிரோடு கரையேறுகிறார்கள். உவரியில் காலரா கண்ட கப்பல்காரர்கள் மரத்தில் அந்தோணியார் சுரூபம் செதுக்கி வைத்து வேண்டிப் பிழைக்கிறார்கள். ஒருவர் பிழைத்த இடத்தில் நாமும் பிழைக்கலாம் என்று மக்கள் வருவதில் வியக்க ஒன்றுமில்லை. குமரி மாவட்டத்தில் புனித தேவசகாயத்தின் தடம் பார்த்துப் போகிறவர்களின் கதை வேறு. நோயாளிகள் இங்கே தேடிப்போகும் ஒவ்வொரு இடமும் அவர் அடிபட்ட இடம், கட்டிப்போடப்பட்ட இடம், தாகத்தில் தவித்த இடம், கடைசியில் சுட்டுக் கொல்லப்பட்ட இடம். அவரை யாரும் விடுவிக்கவில்லை. விடுதலை கிடைக்காத ஒருவரிடம் சுகம் கேட்டு இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு மக்கள் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த நடையில் வளர்வது எப்படிப்பட்ட விசுவாசம் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னால் இருக்கிறது புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டையை ஒட்டிய ஊர். இங்குள்ள ஆலய வளாகத்தில்தான் முட்டிடிச்சான் பாறை. பேரைக் கேட்டு மலைபோல ஒன்றை எதிர்பார்த்து வருகிறவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். பாறையில் ஒரு சிறு குழி, அதில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவே. காவலர்கள் இழுத்துப்போகும் வழியில் தாகம் தாங்காமல் தண்ணீர் கேட்டவருக்கு அழுகிய குட்டைத் தண்ணீரைக் கொடுத்தார்கள்; அவர் மண்டியிட்டுச் செபித்துக் கைமுட்டால் பாறையை இடித்தார், நீர் சுரந்தது என்பது ஊர் மரபு. வருகிறவர்கள் குனிந்து நீரை அள்ளி நெற்றியில் பூசுகிறார்கள். ஒரு மிடறு குடிக்கிறார்கள். வலிக்கிற மூட்டில் தடவுகிறார்கள். எழுந்து வர முடியாமல் வீட்டில் கிடப்பவருக்காகக் குப்பியில் பிடித்துக்கொள்கிறார்கள். இங்கே பிடித்த தண்ணீர் வளைகுடா நாடுகளுக்குப் போகும் பெட்டிக்குள்ளும் ஏறும்.

தேவசகாயத்தின் வாழ்க்கை பலருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசை முக்கியம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1712 ஏப்ரல் 23 அன்று மார்த்தாண்டம் பக்கமுள்ள நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் பத்மநாபபுரத்தில் அரசுப் பணி பார்த்தார். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பிற்பாடு மன்னரின் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்புக்கு வந்தார். அவரோடு நீலகண்டருக்கு நட்பு உண்டானது. 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைது. ஏறத்தாழ மூன்று ஆண்டு சிறையும் சித்திரவதையும். எருமையின் மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், காயங்களில் மிளகாய்ப் பொடி பூசினார்கள் என்று மரபு விவரிக்கிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டில் எறியப்பட்ட உடலின் மிச்சத்தை எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள்.

நாஞ்சில் நாடு என்று கண்டிப்பாகச் சொன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள்தாம். மேற்கே பிறந்தவர் நாஞ்சில் நாட்டில் இறந்தார், நாஞ்சில் நாட்டில் அடங்கினார். நட்டாலத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள்ளேயே ஒரு முழுத் திருப்பயணம் அடங்கிவிடுகிறது.

பெருவிளைக்கு வருவோம். நாகர்கோவிலை ஒட்டிய இந்த ஊரில் அவரை ஒரு வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டிப்போட்டிருந்தார்கள் என்பது மரபு. பட்ட மரம் அவர் கட்டுண்ட பின் துளிர்த்ததாகவும், பார்க்க வந்தவர்கள் அதன் இலையைக் கொண்டுபோய் நோயாளிகளுக்குக் கொடுத்ததாகவும் சொல்கிறார்கள். இதைவிட என்னை நிற்க வைக்கும் கதை ஒன்று அதே ஊருக்கு உண்டு. அவரைக் காவல் காத்த ஆராச்சாருக்கு, அதாவது மரண தண்டனையை நிறைவேற்றுகிறவனுக்கு, பிள்ளை இல்லை. கட்டுண்டு கிடந்தவர் அவனுக்காக வேண்டினார். அவன் வீட்டில் தொட்டில் ஆடியது. சித்திரவதை செய்கிறவனின் குறையைச் சித்திரவதைப்படுகிறவர் தீர்க்கிறார். ஆவணமாக இதற்கு என்ன மதிப்பு என்று ஒரு வரலாற்றாசிரியர் கேட்கலாம். மூன்று நூற்றாண்டை நெருங்கும் காலம் ஒரு ஊர் எதை நினைவில் வைக்கத் தேர்ந்தெடுத்தது என்பதும் ஓர் ஆவணம்தான் என்று நான் நினைக்கிறேன். தங்கள் புனிதர் பகைவனுக்கு இடி விழச் செய்தார் என்று இந்த ஊர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை.

காற்றாடிமலையில் பாறைகள்தாம் சாட்சி. முழந்தாளிட்டுச் செபித்த தடம் என்று காட்டும் இடம், கல்லால் தட்டினால் வெண்கல மணிபோல ஓசை எழுப்பும் மணியடிச்சான் பாறை, கீழே வியாகுல மாதா ஆலயம். இந்தக் கணவாயில் காற்று சும்மா இருக்காது, சுற்றிலும் காற்றாலைகள். தைப்பொங்கலை ஒட்டி வரும் அவருடைய நினைவு நாளில் பக்கத்துப் பங்குகளிலிருந்து கால்நடையாகவே வந்து மலையேறுகிறார்கள். பிள்ளைகள் பாறையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். பெரியவர்கள் அதட்டுவதில்லை, தாங்களும் ஒருமுறை தட்டுவார்கள்.

இந்த இடங்களை ஒன்றாகப் பார்த்தால் ஒரு தன்மை துலங்கும். நல்ல தண்ணீர் மறுக்கப்பட்ட இடத்தில் தண்ணீர் மருந்து. கட்டிவைத்த மரத்தில் இலை மருந்து. கொன்ற இடத்தில் கல் பேசுகிறது. வாதைக்குப் பயன்பட்ட பொருளையே மக்கள் மருந்தாக எடுத்திருக்கிறார்கள். இதை எந்த ஆயரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. ரோமாபுரி அவரை இறையடியார் என்று ஏற்பதற்கு வெகு காலம் முன்பே, ஆலயக் குருக்களின் ஒப்புதலுக்குக் காத்திராமல், மக்களே கண்டுபிடித்த வைத்தியம் இது.

இதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. தென்கடற்கரையில் கத்தோலிக்க விசுவாசம் வேரூன்றியதே நோயாளியின் பாயருகில்தான். புனித பிரான்சிஸ் சவேரியார் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமில் உள்ள தம் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதை விவரிக்கிறார். முத்துக்குளித்துறை ஊர்களில் நோயாளிகள் வீட்டுக்கு வரச் சொல்லி அவருக்கு ஓயாமல் ஆள் அனுப்பினார்கள். ஒருவரால் அத்தனை வீட்டுக்கும் போய்த் தீராது. எனவே, மந்திரங்கள் படித்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, எல்லாரையும் விசுவாசப் பிரமாணம் சொல்லவைத்து, நம்பினால் குணமாவாய் என்று நோயாளிக்குச் சொன்னார்கள். செபம் தெரிந்த சிறுவன்தான் இந்தக் கரையின் முதல் வைத்தியன். அதே ஆண்டு திருவிதாங்கூர்க் கரைக்கு வந்த சவேரியார் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக 1545 ஜனவரிக் கடிதத்தில் எழுதுகிறார். அவ்வளவு பேருக்கும் மறைக்கல்வி கற்பிக்க ஒரு மாதம் எப்படிப் போதும் என்ற கேள்வி நியாயமானது. போதாதுதான். முதலில் வந்தது நம்பிக்கை. கல்வி பின்னால், தலைமுறை தலைமுறையாக வந்தது. வரிசை அப்படி அமைந்ததால் விசுவாசம் மட்டம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

சவேரியார் தங்கிச் செபித்ததாகச் சொல்லப்படும் இடத்தில் எழுந்ததே கோட்டாறு ஆலயம். 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது அது பேராலயம் ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சவேரியார் வரலாறுகளிலேயே இவ்வூர் ஆலயமும் அங்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட குணமாதல்களும், எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் எரிந்த விளக்கும் இடம்பெற்றுவிட்டன. ‘கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார்’ என்று மாவட்டம் முழுக்கச் சொல்வார்கள். டிசம்பர் 3 திருநாளை ஒட்டிய தேர்ப்பவனியின்போது தேரின் பின்னால் தெருவில் விழுந்து விழுந்து கும்பிடு நமஸ்காரம் செய்கிறவர்களைப் பார்க்கலாம். உப்பும் நல்லமிளகும் கையில் வைத்துக்கொண்டு காத்து நிற்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கராக இருக்க மாட்டார்கள். மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை.

கேட்ட வரம் தருகிறவரின் அதே ஆலயத்துக்குள், பீடத்துக்கு முன்னால் தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு விதமான புனிதர்கள். ஒருவரிடம் கேட்டால் கிடைக்கும் என்பது பேச்சு. மற்றவர் விடுதலை கிடைக்காமல் செத்தவர். வரம் கேட்கும் விசுவாசமும் வரம் கிடைக்காத விசுவாசமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குமரிக் கத்தோலிக்கரின் ஆன்மிகம் முழுமையாகப் புரிய வேண்டுமானால் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சவேரியாரை மட்டும் பார்த்தால் இது வெறும் வரத்துக்கான பக்தி என்று தோன்றிவிடும்.

தண்ணீரையும் இலையையும் மண்ணையும் மருந்தாக்குவது கத்தோலிக்கரின் தனிச்சொத்தும் அல்ல. சுவாமித்தோப்பில் வைகுண்டர் 1830, 40-களில் தண்ணீரும் மண்ணும் கொடுத்தே நோய் தீர்த்தார் என்பது அய்யாவழியினரின் நம்பிக்கை; முத்திரிக் கிணற்றில் இன்றும் மக்கள் குளிக்கிறார்கள். மண்டைக்காட்டு பகவதிக்குத் தலைவலி தீர மண்டையப்பம் படைப்பார்கள். மகா சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தில், நீலகண்டர் பணி செய்த பத்மநாபபுரத்தின் நீலகண்டசுவாமி கோயிலும் ஒன்று. ஓட்டம் முடியும் பன்னிரண்டாவது தலம் அவர் பிறந்த நட்டாலம். கால்களால் வேண்டுதல் செய்யும் பழக்கத்தை அவர் திருமுழுக்கோடு புதிதாகப் பெறவில்லை. அது அவர் பிறந்த மண்ணின் பழக்கம். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த கலவரத்தின் வடு இங்கே இன்னும் ஆறவில்லை. அப்படியிருந்தும் நோய் வரும்போது மக்கள் கையாளும் மொழி ஒன்றாகவே இருக்கிறது என்பதை நான் ஆறுதலோடு குறித்துக்கொள்கிறேன்.

படிப்பு வந்தால் இதெல்லாம் போய்விடும் என்று நினைத்தவர்கள் உண்டு. குமரியில் அது நடக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் எழுத்தறிவு 91 விழுக்காட்டுக்கு மேல். மக்கள்தொகையில் கிறிஸ்தவர் 46 விழுக்காட்டுக்கு மேல். நவீன மருத்துவமும் இங்கே புதிதல்ல. நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838-இல் தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் ஏறப் போன அறுவை மருத்துவர் சாமர்வெல் 1920-களில் அங்கேயே வந்து தங்கி இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்தார். இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனை நாகர்கோவிலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருக்கிறது. வேப்பிலை கொடுத்த பெருவிளைக்குப் பக்கத்திலேயே ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஸ்கேன் அறிக்கையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேரே பாறைக்கு வருகிறவர்களை யாரும் பார்க்கலாம். அவர்கள் மருந்துக்குப் பதிலாகச் செபத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். மருந்து வேலை செய்ய வேண்டுமே என்று செபிக்கிறவர்கள்.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் மரபு திருச்சபைக்கும் உண்டு. அந்த மரபின் தந்தை தேவசகாயத்தின் சமகாலத்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குணமானது புதுமைதானா என்று எடைபோடும் அளவுகோல்களை வகுத்தவர் புரோஸ்பெரோ லம்பெர்த்தினி. நோய் கடுமையானதாக இருக்க வேண்டும்; தானே தணியும் கட்டத்தில் இருக்கக் கூடாது; கொடுத்த மருந்து பயன்பட்டிருக்கக் கூடாது; குணம் சட்டென்று, முழுமையாக, மறுபடி நோய் திரும்பாதபடி கிடைத்திருக்க வேண்டும். 1734 முதல் 1738 வரை வெளிவந்த பெருநூலில் இதையெல்லாம் எழுதிய அவரே 1740-இல் பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். காற்றாடிமலையில் துப்பாக்கி வெடித்த நாளில் ரோமில் அமர்ந்திருந்தவர் அவர்தான். இந்தக் கொலையைப் பற்றிக் கொச்சி ஆயர் 1756-இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையும் அவர் காலத்ததே. அவரும் மார்த்தாண்ட வர்மாவும் ஒரே ஆண்டில், 1758-இல், இறந்தார்கள்.

அந்த அறிக்கைக்கும் புனிதர் பட்டத்துக்கும் இடையில் 266 ஆண்டுகள். தாமதத்துக்கு ஒரு காரணம், கொலையின் காரணம் பற்றிய சர்ச்சை. மதம் மாறியதற்காகவே கொன்றார்கள் என்பது திருச்சபையின் முடிவு. மார்த்தாண்ட வர்மா மதத்துக்காக ஒருவரைத் தண்டித்ததற்குச் சான்றில்லை, அரசுக்கு எதிரான குற்றமே காரணம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த மன்னர் கிறிஸ்தவரான டிலனாயைக் கடைசி வரை தம் பக்கத்தில் வைத்திருந்தார். டிலனாய் 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே லத்தீனும் தமிழும் பொறித்த கல்லறையில் கிடக்கிறார். வெளிநாட்டுக் கிறிஸ்தவருக்குச் சலுகை, சொந்த நாட்டு உயர்சாதிக்காரர் மாறினால் தண்டனை என்பது முரண்பாடாகத் தெரியலாம். அதிகாரத்துக்குச் சாதி ஒழுங்கே முதன்மை என்று எடுத்துக்கொண்டால் முரண் இல்லை. இது என் வாசிப்பு. மீனவரோடும் ஒடுக்கப்பட்டவரோடும் தேவசகாயம் கலந்து பழகியதும் உண்டதும் பெரும் குற்றமாகப் பேசப்பட்டதாக மரபு சொல்வது இந்த வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது.

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவில் கார்மல் பள்ளி மைதானத்தில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். மறைசாட்சி என்பதால் அதற்குப் புதுமை தேவைப்படவில்லை. புனிதர் பட்டத்துக்கு ஒன்று வேண்டும். 2013-இல் ஒரு தாய்; ஏழாம் மாதம்; வயிற்றுப் பிள்ளை இறந்துவிட்டது, அசைவே இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தேவசகாயத்தை வேண்டிய பின் பிள்ளை அசைவதை உணர்ந்தார் அந்தத் தாய். இந்த நிகழ்வை லம்பெர்த்தினியின் வழிவந்த மருத்துவக் குழுவும் இறையியலாளரும் ஆராய, 2020 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் புதுமையாக ஏற்றார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். துறவியோ குருவோ அல்லாத இந்தியப் பொதுநிலையினர் ஒருவருக்கு இது முதல் முறை. ஆராச்சார் வீட்டுத் தொட்டிலில் தொடங்கிய கதைக்கு வாட்டிகன் முத்திரையும் ஒரு கருவின் பெயரால்தான் கிடைத்தது. மக்கள் நினைவும் திருச்சபை விசாரணையும் தனித்தனிப் பாதையில் போய் ஓரிடத்தில் சந்தித்திருக்கின்றன.

சுகமளிக்கும் தலங்களின் ஆபத்தான பக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். உடல்நோய்க்கு மருத்துவமனையும் பாறையும் சேர்ந்து போகும் குமரியில்கூட மனநோய்க்கு அப்படி இல்லை. மனம் கலங்கியவரை உறவினர் முதலில் கூட்டிக்கொண்டு போவது திருத்தலத்துக்குத்தான். உவரி, புளியம்பட்டி அந்தோணியார் தலங்களிலும் இராஜாவூர் மிக்கேல் அதிதூதர் ஆலயத்திலும் தங்கி மன்றாடும் குடும்பங்கள் உண்டு. பேய்பிடி என்ற பெயர் ஒட்டிவிட்டால் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. அடித்து ஓட்டுவது, கட்டிவைப்பது என்று போனால் எங்கே முடியும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 நமக்குக் காட்டியது. ஏர்வாடி தர்காவை ஒட்டிய ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். சங்கிலி போட்ட விசுவாசத்தை நான் விசுவாசம் என்று ஏற்க மாட்டேன். கட்டுண்டு கிடந்த ஒருவரைப் புனிதர் என்று கொண்டாடும் மாவட்டம் யாரையும் கட்டிவைக்கவே கூடாது.

ஆனால் தலங்களால் கிடைக்கும் நன்மையும் அளக்கப்பட்டிருக்கிறது. மனநல மருத்துவர் ரகுராமும் தோழர்களும் தமிழகத்தின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரத் தங்கலில் நோயறிகுறி மதிப்பெண் 52.9-இலிருந்து 42.9-ஆகக் குறைந்திருந்தது. அங்கே தனிச் சடங்கு எதுவும் செய்யவில்லை. விரட்டாத, பயமுறுத்தாத ஓர் இடம், செய்யச் சிறு வேலைகள், கூடவே உறவினர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறு ஆய்வு என்பதால் இதை மிகைப்படுத்தக் கூடாது. ஏர்வாடியிலும் குணசீலத்திலும் பின்னர் மனநல மருத்துவர்களே வழிபாட்டிடத்துக்கு வந்து மருந்து தரும் ஏற்பாடு வந்தது. கத்தோலிக்கத் தலங்கள் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். மருத்துவக் குழுவின் கையெழுத்து இல்லாமல் புதுமையை ஏற்காத திருச்சபை, திருவிழாக் கூட்டத்தில் ஒரு மருத்துவருக்கு மேசை போடத் தயங்க ஒரு காரணமும் இல்லை.

இனி விசுவாச வளர்ச்சி. நேர்ச்சை என்பது பேரம் என்று படித்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். பிள்ளை பிழைத்தால் மொட்டையடிக்கிறேன், கால் சுகமானால் நடந்து வருகிறேன் என்பதில் பேரம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் திருத்தலங்களில் அடிக்கடி நின்று பார்த்தவர்களுக்கு அதன் போக்கு தெரியும். முதல் முறை வருகிறவர் தன் வீட்டுக்காக மட்டும் வருவார், பக்கத்தில் நிற்பவரை ஏறிட்டும் பார்க்க மாட்டார். நேர்ச்சை செலுத்த இரண்டாம் முறை வரும்போது அசனம் என்னும் பொதுவிருந்துக்கு அரிசி கொண்டுவருவார். பிறகு அண்டைவீட்டு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு கட்டத்தில் தனக்கென்று கேட்க ஒன்றும் இல்லாமலும் வரத் தொடங்குவார். வளர்ச்சி இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. பிடித்துக்கொண்ட தண்ணீர் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். முதலில் எனக்கு; பிறகு அம்மாவுக்கு; பிறகு தெருக்கோடியில் படுத்திருக்கும் ஒருவருக்கு.

தேவசகாயத்தின் விசுவாசமும் இழப்பில்தான் முளைத்தது. வீட்டில் மாடுகள் செத்து, விளைச்சல் போய், மனம் உடைந்திருந்தபோது டிலனாய் அவருக்கு விவிலியத்தின் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. காரணம் இல்லாமல் எல்லாம் போன மனிதன். ஏன் என்று கேட்டும் நேர்ப்பதில் கிடைக்காத மனிதன். ஆனாலும் விலகாத மனிதன். டிலனாய் இயேசு செய்த புதுமைகளைச் சொல்லித் தொடங்கியிருக்கலாம். அவையெல்லாம் இருக்க, யோபுவைத் தேர்ந்தெடுத்தார். இழந்ததெல்லாம் யோபுவுக்குக் கடைசியில் திரும்பக் கிடைத்தது. நீலகண்டருக்கு அதுவும் இல்லை. பதவி போயிற்று, வீடு போயிற்று, உயிரும் போயிற்று. திருமுழுக்குக்கு முன் இழந்தது மாடு. பின் இழந்தது எல்லாமே. லாபத்துக்காக மாறினார் என்று இவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது.

இந்த வளர்ச்சிக்கு ஒரு சமூகப் பக்கமும் உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு உடல் நலத்தை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே பிற்காலத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து உட்கார வைக்கும் ஆலயம் கட்டினார்கள். நடுவில் எழுப்பிய தடுப்பு 1910-இல் கௌசானல் அடிகளால் இடிக்கப்பட்டது. புனிதர் பட்டத்தின்போது வாட்டிகன் அவருடைய பெயரிலிருந்து ‘பிள்ளை’யை நீக்கியது. அதற்கு வருத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். எனக்கு அது தேவையான அறுவைச் சிகிச்சையாகவே படுகிறது. முட்டிடிச்சான் பாறையில் முக்குவரும் நாடாரும் வெள்ளாளரும் தலித் மக்களும் ஒரே குழியில் கைவிட்டு நீர் அள்ளுகிறார்கள். ஊருக்குத் திரும்பிய பின் பெண் எடுப்பதிலும் கல்லறைத் தோட்டத்திலும் அந்தச் சமத்துவம் எத்தனை நாள் நிற்கிறது என்பதை வைத்தே திருப்பயணத்தின் பலனை நான் மதிப்பிடுவேன்.

சுகம் பெற்றவர்களின் கதை சாட்சியாகத் திருத்தல மலர்களில் அச்சாகிறது, படத்தோடு, நன்றியோடு. சுகம் பெறாதவர்களின் கதையை யாரும் அச்சிடுவதில்லை. அவர்களே அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். உலகம் முழுவதிலிருந்தும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் போகும் லூர்து நகரில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் திருச்சபை ஏற்ற புதுமைகள் எழுபதைச் சற்றே தாண்டுகின்றன. மற்றவர்கள் என்ன பெற்று வீடு திரும்பினார்கள்? அவர்களுக்கு ‘உன் விசுவாசம் போதாது’ என்று சொல்லும் போதகர்கள் நம் ஊரில் பெருகிவிட்டார்கள். நோயோடு குற்ற உணர்வையும் சுமக்க வைக்கிறது அந்தப் போதனை. தேவசகாயத்தின் தடம் அப்படிச் சொல்ல இடம் தராது. விசுவாசம் போதாததால்தான் அவர் கொல்லப்பட்டார் என்று எந்தப் போதகர் சொல்வார்? ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றுதான் மக்கள் அவரிடம் கேட்கிறார்கள். தாகத்தையும் கட்டையும் அறிந்த ஒருவர் வேண்டுகிறார் என்பதே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்தத் தடத்தில் உள்ள பங்குகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சாட்சிப் பதிவேடுகளில் சுகமாகாதவர்களுக்கும் பக்கங்கள் ஒதுக்குங்கள். என்ன நோயோடு வந்தார்கள், எத்தனை ஆண்டாக வருகிறார்கள், வழியில் யாரைச் சந்தித்தார்கள், கேட்டது கிடைக்காத பின்னும் ஏன் திரும்ப வருகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதுங்கள். புனிதர் பட்ட விசாரணைக்காகக் குணமான ஒரு கருவின் மருத்துவ ஆவணம் அத்தனையும் திரட்டப்பட்டது. அந்த உழைப்பில் ஒரு பங்கு இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். பேசக்கூடிய முதியவர்கள் இப்போதும் பெருவிளையிலும் புலியூர்க்குறிச்சியிலும் ஆரல்வாய்மொழியிலும் இருக்கிறார்கள்.